பிரெஸ்பிட்டேரியன்

கிரேக்கத்தில் ‘பிரெஸ்பிட்டெரோஸ்’ என்றால் வயதில் மூத்தவர். தமிழ் வேதாகமம் அவரை ‘மூப்பர்’ என்றது. பேராயர் இல்லாமல், சபையார் தேர்ந்தெடுத்த மூப்பர்களும் போதகரும் கூடி நிர்வகிக்கும் திருச்சபைக்கு அந்தக் கிரேக்கச் சொல்லே பெயராயிற்று. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சபையார் விரும்பாத ‘பிரீஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லும் இதே வேரில் முளைத்ததுதான்.

ஸ்காட்லாந்தில் 1560-இல், போதகர் ஜான் நாக்ஸ் காலத்துத் திருச்சபைச் சீர்திருத்தத்தோடு இம்முறை காலூன்றத் தொடங்கியது.

சென்னைக்கும் வந்தது. ஸ்காட்லாந்து சபை அனுப்பிய ஜான் ஆண்டர்சன் 1837-இல் இங்கே தொடங்கிய பள்ளிதான் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்து, பின்னர் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. இராயபுரம் ரெய்னி மருத்துவமனையும் அந்த ஸ்காட்லாந்து ஊழியத்தின் வழிவந்ததே. எழும்பூரில் 1821-இல் திறக்கப்பட்ட புனித அந்திரேயா ஆலயத்துக்கு இன்னும் ‘கிர்க்’ என்றே பெயர். ஸ்காட்லாந்துக்காரர் தேவாலயத்தை அப்படித்தான் அழைப்பார்கள்.