குழாய் நீரும் வீட்டு மீன்தொட்டியும்

குழாயில் வரும் குடிநீரை நன்னீர் மீன்கள் வாழத்தக்க நீராக மாற்றுவது, தொட்டி நீரைப் பக்குவப்படுத்துதல் எனப்படும். புதிதாக மீன்தொட்டி வாங்கியவர் குழாயைத் திறந்து தொட்டியை நிரப்பி, கடையிலிருந்து பையில் கொண்டுவந்த மீன்களை அன்றே விடுகிறார். மறுநாள் காலையில் சில மீன்கள் வயிறு மேலாக மிதக்கின்றன. குழந்தைகள் குடிக்கும் அதே தண்ணீரில் மீன் ஏன் சாக வேண்டும்? இதற்கான விடை வேதியியலில் பாதியும் வரலாற்றில் பாதியுமாக உள்ளது. தமிழகத்தில் அவ்வரலாற்றைச் செஞ்சிக் கோட்டையில் தொடங்கிச் சென்னைக் கீழ்ப்பாக்கம் வழியாகப் பார்க்கலாம்.

செஞ்சியின் குளங்களும் மண்குழாயும்

விழுப்புரம் மாவட்டத்திலுள்ள செஞ்சிக் கோட்டை ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளை இணைத்துக் கட்டப்பட்டது. 1677-இல் சிவாஜி இதைக் கைப்பற்றினார். 1690 முதல் 1698 வரை முகலாயப் படை முற்றுகையிட்டபோது ராஜாராம் இங்கிருந்தே தாக்குப்பிடித்தார். எட்டு ஆண்டுக்கால முற்றுகையைத் தாங்குவதற்கு மதில் மட்டும் போதாது, தண்ணீரும் வேண்டும். பாறை இடுக்குச் சுனைகள், மழைநீர் தேங்கும் குளங்கள், அடிவாரத்தில் செட்டிகுளம், சக்கரகுளம், ஆனைக்குளம் எனப் பல நிலைகளில் நீர் சேர்த்துவைக்கப்பட்டது. கல்யாண மகாலின் மேல்தளங்களுக்குச் சுட்ட மண்குழாய்கள் வழியே நீர் கொண்டுசெல்லப்பட்டது. எனவே குழாய் நீர் என்பது இவ்வூருக்கு நேற்று வந்த புதுமை அன்று.

அந்தக் குழாயில் வந்ததும் குளத்து நீரே. குளத்தில் மீன் வாழ்ந்தால் குழாய் நீரிலும் மீன் வாழும். கிணறுகளில் கெண்டை, விரால் முதலிய மீன்களை விட்டுவைப்பதும், கோயில் குளத்து மீன்களுக்குப் பொரி போடுவதும் தமிழக ஊர்களில் இன்றும் காணப்படும் வழக்கங்கள். கலங்கிய நீரைத் தெளியவைக்கப் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்தனர். கலித்தொகையிலேயே இதை ஒட்டிய உவமை உண்டு. தேற்றாங்கொட்டை சேற்றைப் படியவைக்குமே தவிர, நீரிலுள்ள உயிர்களைக் கொல்வதற்காகச் சேர்க்கப்பட்டதன்று.

ஆயினும் பழைய நீர் எல்லாம் அமுதம் என்று எண்ணிவிடக் கூடாது. பதினெட்டாம் நூற்றாண்டில் செஞ்சி நோய்மிகுந்த இடம் என்று பெயர் எடுத்திருந்தது. 1750-இல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் 1761 வரை அதை வைத்திருந்தனர். அந்த ஆண்டுகளில் எதிரியின் குண்டைவிட நோயே அவர்களுக்குப் பெரும் இழப்பை ஏற்படுத்தியது. மீன் நலமாக நீந்தும் நீரில் மனிதருக்கு நோய் தரும் நுண்ணுயிர்களும் இருக்கலாம். குளோரின் பிற்காலத்தில் தீர்க்க வந்த சிக்கல் இதுவே.

குளோரினுக்கு முந்தைய மீன்தொட்டி

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கும் இன்றைய முறை, குடிநீரில் குளோரின் கலப்பதைவிட அரை நூற்றாண்டு மூத்தது. 1850-இல் இலண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன், தங்கமீன், வாலிசுநேரியா என்ற நீர்ச்செடி, நத்தை ஆகியவற்றை ஒரே தொட்டியில் வைத்து, அவை ஒன்றையொன்று தாங்கி வாழ்வதை விளக்கினார். 1853-இல் இலண்டன் விலங்கியல் பூங்காவில் பொதுமக்களுக்கான மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூலால் 'அக்குவேரியம்' என்ற சொல் பரவியது. அவர்களுக்குத் தேவைப்பட்டவை செடி, வெளிச்சம், காற்று ஆகியவை மட்டுமே. குழாய் நீரில் நஞ்சு இருக்கும் என்று அஞ்ச அன்று காரணமில்லை.

சென்னையில் எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் மெரினா கடற்கரையில் 1909-இல் மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. அது கடல்மீன்களுக்கானது, கடல்நீர் பக்கத்திலேயே இருந்தது. நன்னீர் மீனை வீட்டுக் கூடத்தில் வளர்ப்பவருக்குக் கிடைப்பதோ நகராட்சிக் குழாய் மட்டுமே.

கீழ்ப்பாக்கத்தின் உயிருள்ள மணல்

1872-இல் செங்குன்றம் ஏரியிலிருந்து திறந்த கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கத்துக்கு நீர் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து சென்னை நகரத்துக்குக் குழாய்களில் விடப்பட்டது. அது வடிகட்டப்படாத ஏரிநீர். கால்வாயின் வழிநெடுகிலும் அது மாசுபட வாய்ப்பு இருந்தது. 1914-இல்தான் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் செயல்படத் தொடங்கின. சிறப்புப் பொறியாளர் ஜே. டபிள்யூ. மேட்லி இத்திட்டத்தை வகுத்தார்.

இவை மெதுமணல் வடிகட்டிகள் எனப்படும் வகையைச் சேர்ந்தவை. 1829-இல் இலண்டன் செல்சியில் ஜேம்ஸ் சிம்ப்சன் அமைத்த வடிகட்டியே இவ்வகைக்கு முன்னோடி. மணல் ஒரு சல்லடை போல அழுக்கைப் பிடித்துக்கொள்கிறது என்றே பலரும் எண்ணுவர். உண்மையில் பெரும் வேலையைச் செய்வது மணலின் மேற்பரப்பில் படரும் வழவழப்பான உயிர்ப்படலம். பாக்டீரியா, பாசி, ஓரணு உயிரிகள் ஆகியவை சேர்ந்த அந்தப் படலம், நீரில் வரும் கரிமப் பொருள்களையும் நோய்க்கிருமிகளையும் தின்று தீர்க்கிறது. புதிய மணலில் இது உடனே உருவாகாது. நாட்களோ வாரங்களோ ஆகும். 1892-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் காலரா 8,000-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதனோடு ஒட்டியிருந்த ஆல்டோனா நகரம், அதே எல்ப ஆற்று நீரை மணலில் வடிகட்டி வழங்கியதால் பெரிதும் தப்பியது. உயிர்ப்படலத்தின் வலிமையை உலகம் கண்டுகொண்ட நிகழ்ச்சி அது.

வீட்டு மீன்தொட்டியில் காற்றுக்குமிழியோடு இயங்கும் பஞ்சு வடிகட்டியும் ஏறக்குறைய இதே வகைதான். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. பஞ்சிலும் கூழாங்கல்லிலும் படியும் பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் மீனுக்குக் கொடிய நஞ்சு. மூன்றாவது அளவு மீறாதவரை தாங்கத்தக்கது. 1877-இல் பிரான்சில் ஷ்லோசிங், மியூன்ஸ் இருவரும் இம்மாற்றம் உயிர்களால் நிகழ்வது என்று காட்டினர். செர்கேய் வினோகிராட்ஸ்கி 1890-இல் அந்தப் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்தார். கீழ்ப்பாக்கத்து மணல் 'பழுக்க' நாளானது போலவே புதிய தொட்டியும் பழுக்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். வாங்கிய அன்றே மீன் விடுவதால் நேரும் இழப்பில் பெரும்பகுதி இந்தப் பொறுமையின்மையால் வருவது. அதற்குக் குளோரினை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

குளோரினின் வருகை

1905-இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் டைஃபாய்டு பரவியபோது, குடிநீரில் தொடர்ச்சியாகக் குளோரின் சேர்மம் கலக்கப்பட்டது. 1908-இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரத்துக்கான நீரில் ஜான் லீல் இதை நிலையான நடைமுறையாக்கினார். அடுத்த சில பத்தாண்டுகளில் உலகின் பெருநகரங்கள் இம்முறையை ஏற்றன. மணல் வடிகட்டி நீரைத் தூய்மையாக்கும். ஆனால் அதன்பின் குழாயில் கசிவு வழியாகப் புகும் கிருமியை அதனால் தடுக்க இயலாது. குளோரின் வீட்டுக் குழாய் வரை நீரோடு கூடவே வந்து காவல் காக்கிறது. காலராவும் டைஃபாய்டும் ஊரையே சூறையாடிய காலம் மறைந்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. மீன் வளர்ப்போர் சிலர் குளோரினை வெறும் விஷம் என்று பழிப்பதுண்டு. இந்த வரலாற்றை அறிந்தால் அப்படிப் பேசத் தோன்றாது.

இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500, குடிநீரில் குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும் என்கிறது. மனிதர் அதைக் குடித்தால் வயிற்றிலுள்ள பொருள்களோடு வினைபுரிந்து அது அழிந்துவிடுகிறது. மீனின் நிலை வேறு. அதன் செவுள்களில் நீர் நேரடியாக இரத்த நாளங்களை உரசிச் செல்கிறது. மென்மையான செவுள் திசுவைக் குளோரின் அரித்து மூச்சுத் திணறவைக்கிறது. குடிநீருக்குத் தேவையான அளவில் பத்தில் ஒரு பங்குகூடப் பல மீன்களுக்குத் தீங்கானது. தொட்டியின் பஞ்சில் வளர்ந்த பாக்டீரியாக்களையும் அது கொல்லும். அப்போது அம்மோனியா ஏறி, முதல் நாள் தப்பிய மீன் மூன்றாம் நாள் சாகும். இரண்டாவதான இந்தச் சாவுக்குக் காரணம் பெரும்பாலும் கண்டுகொள்ளப்படுவதில்லை.

சிற்றூர்த் தொட்டிகளும் பிளீச்சிங் பவுடரும்

1971-இல் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் அமைந்தபின் குழாய் நீர் சிற்றூர்களுக்கும் வேகமாகப் பரவியது. செஞ்சியிலும், அதை அடுத்த தொண்டூர் போன்ற ஊர்களிலும் மீன் வளர்ப்பவர் பெருநகரத்தாரினின்று ஒரு வகையில் வேறுபட்ட சிக்கலை எதிர்கொள்கிறார். பெருநகர நீரேற்று நிலையங்களில் குளோரின் இயந்திரத்தால் அளந்து செலுத்தப்படுகிறது. சிற்றூர் மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றுவது கையால் செய்யும் வேலை. 30,000 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் குளோரின் கிடைக்க, 30 விழுக்காடு வலிமையுள்ள பவுடர் 100 கிராம் வேண்டும். பவுடர் பழையதானால் வலிமை குறையும். சற்று முன்பு ஊற்றியிருந்தால் முதலில் திறக்கும் குழாயில் காரம் கூடும். ஒரே குழாயில் ஒரு நாள் மணமே இராது, மறுநாள் மூக்கைத் துளைக்கும். ஆகவே 'எங்கள் ஊர்த் தண்ணீர் மீனுக்கு ஒத்துக்கொள்ளும்' என்று ஒருமுறை கண்ட அனுபவத்தை நம்புவது இங்கே ஆபத்தானது. ஊராட்சிப் பணியாளர்கள் பயன்படுத்தும் குளோரோஸ்கோப்பு, நீரில் ஒரு சொட்டு மருந்து விட்டவுடன் தோன்றும் மஞ்சள் நிறத்தின் ஆழத்தைக் கொண்டு குளோரின் அளவைக் காட்டும்.

குளோரினை நீக்க எளிய வழி, அகன்ற வாளியில் நீரைப் பிடித்து ஒரு நாள் முழுதும் திறந்துவைப்பது. வெயிலும் காற்றுக்குமிழியும் இருந்தால் இன்னும் விரைவாக வெளியேறும். அவசரமானால் ஹைப்போ எனப்படும் சோடியம் தயோசல்ஃபேட்டைச் சேர்க்கலாம். 1819-இல் ஜான் ஹெர்ஷல் ஆராய்ந்த இப்பொருள், பின்னர் ஒளிப்படக் கலையில் படத்தை நிலைநிறுத்தும் மருந்தாகப் பயன்பட்டது. நடைமுறையில் குளோரினைப் போல் ஏழு மடங்கு எடையில் ஹைப்போ போதும். 50 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் இருந்தால் மொத்தம் 25 மில்லிகிராம்; ஹைப்போ ஏறக்குறைய 175 மில்லிகிராம், அதாவது ஓரிரு சிறு பளிங்குத் துணுக்குகள். அளவு கொஞ்சம் கூடினாலும் பெரிய கேடில்லை. நகரங்கள் சிலவற்றில் குளோரினுக்குப் பதிலாக அம்மோனியாவும் சேர்த்துக் குளோரமின் ஆக்குகின்றனர். கனடாவின் ஒட்டாவாவில் 1910-களிலேயே ஜோசப் ரேஸ் இதைச் செய்தார். குளோரமின் ஒரு நாள் திறந்துவைத்தாலும் போகாது. ஹைப்போ அதை உடைத்தாலும் அம்மோனியா எஞ்சும், அதைத் தின்னப் பழுத்த பஞ்சு வடிகட்டி வேண்டும்.

ஆழ்துளைக் கிணற்று நீரில் குளோரின் இராது. அதற்காக அதை அப்படியே ஊற்றிவிடவும் கூடாது. செஞ்சியைப் போன்ற கடும்பாறைப் பகுதியில் நிலத்தடி நீர் பெரும்பாலும் கடினத்தன்மை மிக்கது. கரியமில வாயு மிகுந்தும் உயிர்வளி குறைந்தும் வரும். சில மணிநேரம் காற்றோட்டம் கொடுத்தால் இது சரியாகும். கப்பி, மோலி போன்ற மீன்களுக்குக் கடின நீர் ஏற்றது. டெட்ரா, டிஸ்கஸ் போன்றவற்றுக்கு மென்னீர் வேண்டும். மாடியில் பிடித்த முதல் மழைக்குப் பிந்தைய நீரைக் கலப்பது நல்ல வழி. சண்டை மீன் வளர்ப்போர் நாட்டு வாதுமையின் காய்ந்த இலையை நீரில் ஊறவிடுவதும் நீரைச் சற்று அமிலத்தன்மைக்குக் கொண்டுவரவே.

வண்ணமீன் வளர்ப்புக்குப் பெயர்பெற்ற சென்னைக் கொளத்தூரில் சிமெண்டுத் தொட்டிகளில் பாசியேறி நிற்கும் பச்சைத் தண்ணீரைப் புதிதாகப் பார்ப்பவர் அசுத்தம் என்று முகம் சுளிப்பார். பண்ணைக்காரருக்கு அது குஞ்சுகளுக்கான தீனியும் அம்மோனியாவை உறிஞ்சும் சாதனமும் ஆகும். தொட்டி நீரை மாற்றும்போது மொத்தத்தையும் கொட்டாமல் கால்பங்கு மட்டும் மாற்றுவதும், அழுக்கேறிய பஞ்சைக் குழாயடியில் கழுவாமல் தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே பிழிவதும் அந்தப் படலத்தைக் காப்பாற்றும் பழக்கங்கள். குழாய் நீரில் பஞ்சைத் தேய்த்துக் கழுவினால் தொட்டி மறுபடியும் முதல் நாளுக்குத் திரும்பிவிடும். மீன்கள் மட்டும் உள்ளே இருக்கும்.