மலைநாட்டு வெயிலும் கமெராவும்: வெளிப்புற ஒளிப்படக்கலையின் வரலாற்றிற் சில பக்கங்கள்

ஒளிப்படக்கலையின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கருவிகளின் வரலாற்றையே எழுதி அமைவர். இன்ன ஆண்டில் இன்ன கமெரா தோன்றிற்று, இன்ன ஆண்டில் படச்சுருள் வந்தது என அது செல்லும். யான் இங்கு எடுத்துக்கொண்ட பொருள் அதனின் வேறானது. கண்ணாடிக் கூரையிட்ட நிலையத்தினுள் ஒளியை அடக்கி ஆள்வது எளிது. வெட்டவெளியில், ஞாயிறு நின்ற நிலையிலும் முகில் ஓடிய திசையிலும் கைவைக்க இயலாத மனிதர், கிடைத்த ஒளியை எவ்வாறு தம் வசப்படுத்தினர் என்பதே ஈண்டு நோக்கற்பாலது. இவ்வாராய்ச்சிக்கு இலங்கையின் மலைநாடும் அதனை அடுத்த சப்பிரகமுவவும் நல்ல களங்களாகும்.

என்னை இதன்கண் ஈர்த்தது எம் வீட்டிலுள்ள ஒரு சிறிய படம். 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறீமா - சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றோராய் நின்ற 975,000 பேருள் 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் வகுத்தது. எஞ்சிய 150,000 பேரின் கதி 1974 வரை தொங்கிக் கிடந்தது. என் பாட்டனார் இங்கேயே தங்கினார். அவருடைய தம்பியார் குடும்பத்துடன் கப்பல் ஏறினார். கடவுச்சீட்டுக்கென 1972இல் எடுத்த படத்தின் ஒரு பிரதியை அவர் அண்ணனிடம் கொடுத்துச் சென்றார். பெரட்டுக்களத்தில் இரண்டு மூங்கிற் கழிகளுக்கிடையே வெள்ளைச் சீலை ஒன்றைக் கட்டி, அதன் முன்னே அறுவரை நிறுத்தி எடுத்த படம் அது. உச்சி வெயில். கணவன், மனைவி, மூத்த பிள்ளைகள் மூவர் ஆகிய ஐவருடைய கண்கள் இருந்த இடத்திற் கருங்குழிகளே தெரிகின்றன. இடக்கோடியில் நிற்கும் கடைக்குட்டியின் முகம் மட்டும் விளக்கேற்றி வைத்தாற்போல் துலங்குகின்றது. சிறுவனாயிருந்தபோது இதனைக் கண்டு யான் வியந்ததுண்டு. விடை கிடைக்கப் பல்லாண்டுகள் சென்றன. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

பிரெடெரிக் ஸ்கொட் ஆச்சர் என்னும் ஆங்கிலேயர் 1851இல் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறையே அடுத்த முப்பது ஆண்டுகள் உலகெங்கும் கோலோச்சியது. கண்ணாடித் தட்டின்மீது கொலோடியன் என்னும் பசைக்கரைசலை ஊற்றிப் பரப்பி, வெள்ளி நைத்திரேற்றுத் தொட்டியில் அமிழ்த்தி, ஈரம் உலருமுன் கமெராவிற் செருகிப் படமெடுத்து, ஈரம் உலருமுன்னரே இருட்கூடாரத்துட் கழுவிவிடல் வேண்டும். எல்லாம் கால்மணி நேரத்துக்குட்பட்ட வேலை. கொலோடியனில் ஈதர் கலந்திருக்கின்றது. ஈதர் ஏறத்தாழ 35 பாகை சதமவளவையிற் கொதிப்பது. இங்கிலாந்தின் குளிரில் வகுத்த இம்முறை எம் நாட்டு வெப்பத்தில் எத்தகைய இடர் தந்திருக்கும் என்பதை இவ்வொரு செய்தியாலேயே உய்த்துணரலாம். ஜோசப் லோட்டன் என்பார் 1870 - 71இல் தொல்பொருட் குழுவுக்காக அநுராதபுரம், பொலன்னறுவை, சீகிரியா முதலிய இடங்களின் இடிபாடுகளைப் படமெடுத்தது இத்தட்டுகளையும் கூடாரத்தையும் காட்டு வழியே சுமந்து சென்றேயாம். சுமந்தோர் பெயர் எவருக்கும் தெரியாது.

இக்காலத்தவருள் நின்று நோக்கத்தக்கவர் ஜூலியா மாகிறெற் கமெரோன் அம்மையார். 1815இற் கல்கத்தாவிற் பிறந்து, 1863இல், தம் 48ஆம் வயதில், மகள் அளித்த கமெராவால் இக்கலையில் இறங்கியவர். கோழிக்கூட்டைக் கண்ணாடியறையாக மாற்றிக்கொண்டு, தெனிசன், டார்வின் முதலானோரின் உருவங்களைப் பக்கவொளியிற் செதுக்கியவர் அவர். அவருடைய கணவரான சார்ள்ஸ் ஹே கமெரோன், எம் மாணவர் வரலாற்றுப் பாடத்திற் படிக்கும் கோல்புறூக் - கமெரோன் ஆணைக்குழுவின் இரண்டாம் பெயருக்கு உரியவர். 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்கள் அக்குழுவின் பயனே. அவர் இங்கே கோப்பித் தோட்டங்களை வாங்கியிருந்தார். 1869இற் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பியை அரிக்கத் தொடங்கிய வேளையில், 1875இல், முதியோர் இருவரும் இலங்கைக்குக் குடிவந்தனர். இரண்டு சவப்பெட்டிகளையும் உடன் கொணர்ந்து, அவற்றினுள்ளே பீங்கானையும் கண்ணாடிப் பொருள்களையும் அடைத்து வந்தனர் என்பது வழிவழி வரும் கதை.

இலங்கையில் அம்மையார் எடுத்தவற்றுள் இன்று அறியப்பட்டவை ஏறக்குறைய முப்பதே. 1877இற் களுத்துறைக்கு வந்த மரியான் நோர்த் என்னும் ஓவியர், தம்மை அவர் படமெடுத்த காட்சியைத் தம் நினைவுக்குறிப்புகளில் நகையாடி எழுதியுள்ளார். கம்பளி ஆடையைச் சுற்றி, தென்னோலையின் கூர்முனைகள் தலையிற் குத்த நிறுத்திவைத்தாராம். காற்றில் ஓலைகள் அசையுந்தோறும் நண்பகல் வெயில் கண்ணில் விழுந்து விழுந்து விலகிற்றாம். வெப்பமானியோ 96 பாகை பரனைற்று காட்டிக்கொண்டிருக்க, இயல்பாக இருக்குமாறு கட்டளையிட்டாராம்! நகைச்சுவை ஒருபுறம் நிற்க, இக்குறிப்பில் ஒரு நுட்பம் உண்டு. கண்ணாடியறையும் திரைச்சீலையும் இல்லாத இடத்தில், அம்மையார் ஓலையையே திரையாக்கி உச்சிவெயிலை உடைத்திருக்கின்றார். வெளிப்புற ஒளியாட்சியின் முதற் பாடம் இதுவே. நேர் வெயிலை நேராக முகத்தில் விழவிடலாகாது.

ஆயின் அவர் எடுத்த ஏனைய படங்களில் நிற்போர் ஓவியரும் கவிஞரும் அல்லர். குடியானவரும் தோட்டத் தொழிலாளருமேயாவர். அவர்களுட் பலர் தமிழர் என்பது ஆய்வாளர் கருத்து. தெனிசனின் படத்துக்குப் பெயர் உண்டு. இவர்களுக்கோ "களுத்துறைக் குடியானவர்" என்றாற்போன்ற பொதுத் தலைப்பே வாய்த்தது. இன்னொரு குறையும் உண்டு. அது கருவியின் குறை. ஈரக் கொலோடியன் நீல ஒளியையே நன்கு உணரும். செந்நிறத்தையும் மஞ்சளையும் ஏறக்குறைய உணராது. ஆதலின் நீலவானம் வெறும் வெண்தாளாகவும், பச்சைத் தேயிலைச் செடி கரும்புதராகவும் பதியும். செம்மை கலந்த மாநிறத் தோலோ தன் இயற்கை நிறத்தினும் பன்மடங்கு கருத்துப் பதியும். ஸ்கீன், ஸ்கோவன் முதலிய நிறுவனத்தார் பிரயாணிகளுக்கு விற்ற தோட்டப் படங்களைப் பார்ப்போர், அங்கு நிற்கும் எம் முன்னோரை முகமற்ற நிழல்களாகக் காண்பது இதனால். வெள்ளைக் காற்சட்டையும் தொப்பியும் அணிந்த துரை அருகே நிற்பின், அவருடைய வெண்மை கெடாவண்ணம் ஒளிபடு நேரத்தைக் குறைத்திருப்பர் என்பது என் ஊகம். அவ்வாறாயின் தொழிலாளரின் முகம் இன்னும் ஒருபடி இருளிற் சென்றிருக்கும். தோட்டத்தின் நிலைமையைத் தோட்டத்தார் எழுதிய அறிக்கைகளினும் இக்கண்ணாடித் தட்டுகள் நேர்மையாகச் சொல்கின்றன எனச் சில வேளைகளில் எண்ணுவேன்.

1879ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் டிக்கோயாவின் கிளென்கேன் தோட்டத்தில் அம்மையார் காலமானார். பொகவந்தலாவைப் புனித மரியாள் தேவாலயத்தில் கணவரும் மனைவியும் அடக்கம் பெற்றனர்.

அதன் பின்னர் மாற்றங்கள் விரைந்தன. 1871இல் மடொக்ஸ் என்னும் மருத்துவர் முன்வைத்த உலர்தட்டு இருட்கூடாரத்தைத் தேவையற்றதாக்கிற்று. 1873இல் ஃபோகல் என்னும் ஜேர்மானியர் சாயங்களைக் கலந்து தட்டுக்குப் பச்சையையும் உணரக் கற்பித்தார். 1906 முதல் எல்லா நிறங்களையும் உணரும் தட்டுகள் விலைக்கு வந்தன. எம்மவர் முகங்கள் படத்தில் மெல்ல வெளுக்கத் தொடங்கியதற்கு இதுவே காரணம், எவருடைய பரிவுமன்று. 1860களிலேயே மக்னீசியத்தை எரித்து ஒளி பெற்றனர். 1887இல் ஜேர்மனியிற் செய்த மின்னற்பொடியும், 1929இல் தோன்றிய மின்னற்குமிழும் இருளிலும் படமெடுக்க வழிசெய்தன. எனினும் வெட்டவெளியில் நெடுங்காலம் உதவியது ரிஃப்ளெக்டர் என வழங்கும் தெறிபலகையே. வெள்ளித்தாள் ஒட்டிய ஒரு பலகை. அது கிடையாதவிடத்து ஒரு வெள்ளைத் துணி. வெயிலை வாங்கி நிழற்புறத்துக்குத் திருப்பி அனுப்புவதன்றி அதற்கு வேறு வித்தை இல்லை.

1934இற் பசில் றைற் என்னும் இளைஞர் இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபைக்காகப் படமெடுக்க இங்கு வந்தார். தேயிலைக்கு விளம்பரமாக நான்கு குறும்படங்கள் கேட்டோருக்கு, அவர் நாற்பது நிமிடங்கள் ஓடும் "சோங் ஒஃப் சிலோன்" என்னும் காவியத்தை அளித்தார். எம் சப்பிரகமுவ மாகாணத்து எல்லையில் நிமிர்ந்து நிற்கும் சிவனொளிபாத மலைக்கு அடியார் ஏறுங் காட்சிகள் அதன் முதற் பகுதியில் உள்ளன. அதற்கு விரிவுரை படித்தவர் எம் நாட்டு ஒளிப்படக் கலைஞர் லயனல் வென்ற் ஆவார். வெளிப்புற ஒளியின் சாயல்களை வென்ற் அளவுக்கு உணர்ந்தவர் இந்நாட்டில் அரியர். 1944இல் அவர் மறைந்தபின் அவருடைய மூலத்தட்டுகள் அழிக்கப்பட்டுவிட்டன என்பதை நினைக்க நெஞ்சு பொறுக்கவில்லை. அச்சிட்ட படங்களே எஞ்சின.

1956ஆம் ஆண்டு இருவகையிற் குறிப்பிடத்தக்கது. அதுவரை சிங்களத் திரைப்படங்கள் பெரும்பாலும் தென்னிந்திய நிலையங்களில், தீட்டிய திரைகளின் முன்னே உருவாயின. முதற் சிங்களப் பேசும்படமாகிய "கடவுனு பொறொந்துவ" 1947இல் வெளிவந்தது மதுரையில் எடுக்கப்பட்டே. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸும் ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக்கும் அவ்வழக்கைக் கைவிட்டு, "ரேகாவ" படத்துக்காகக் கமெராவை உண்மைக் கிராமத்து வெயிலுக்குக் கொண்டு சென்றனர். அப்படம் அவ்வாண்டு டிசம்பர் 28ஆம் நாள் திரைக்கு வந்தது. மறு ஆண்டு கான் விழாவிலும் காட்டப்பட்டது.

அதே காலத்தில் எம் கேகாலை மாவட்டத்துக் கித்துல்கலையில், களனி கங்கைமீது, டேவிட் லீன் என்னும் ஆங்கில இயக்குநர் ஒரு மரப்பாலத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். "த பிறிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்" என்னும் படத்துக்குரிய அப்பாலம் 425 அடி நீளமும் நீரிலிருந்து 50 அடி உயரமும் உடையது என்பர். ஜாக் ஹில்ட்யாட் ஒளிப்பதிவாளர். அக்கால வண்ணச்சுருள் ஒளியை மிகுதியாகக் குடிப்பது. முகில் ஒன்று குறுக்கிட்டாலே வேலை நின்றுவிடும். நாட்டிலேயே மிக்க மழை பெறும் இடங்களுள் ஒன்றாகிய கித்துல்கலையில் இப்பணியை மேற்கொண்டோரின் துணிவு சாமானியமானதன்று.

1957 மார்ச் 10ஆம் நாள் பாலத்தைத் தகர்ப்பதாக ஏற்பாடு. பிரதமர் பண்டாரநாயக்கா வந்திருந்தார். புகைவண்டி புறப்பட்டது. கமெராக்காரர் ஒருவர் உரிய நேரத்தில் வெளியேறவில்லை எனக் கண்ட லீன் வெடியை நிறுத்தினார். ஆள் தப்பினார், ஆயின் நிறுத்துவாரற்ற வண்டி பாலத்தைக் கடந்து, அக்கரையில் நின்ற மின்பிறப்பாக்கியின்மீது மோதிற்று. இரவோடிரவாக அதனைச் செப்பனிட்டு மறுநாட் காலையில் மீண்டும் ஓட்டிப் பாலத்தைத் தகர்த்தனர். கட்டுவதற்குப் பல மாதங்கள். படத்துக்கோ சில வினாடிகள். ஒளிப்பதிவு உட்பட ஏழு ஒஸ்கார் விருதுகளை அப்படம் பெற்றது. இன்றும் அவ்விடத்துக்குச் செல்வோர் ஆற்றங்கரையிற் பாலத்தின் அடித்தளங்களைக் காணலாம். ஆண்டுதோறும் என் மாணவரை அங்கு அழைத்துச் செல்வேன். அவர்கள் நீரில் இறங்குவதிலேயே கருத்தாயிருப்பர்.

இனி எம் வீட்டுப் படத்துக்கு வருவேன். சில ஆண்டுகளுக்கு முன், பாடசாலை விளையாட்டுப் போட்டியன்று, அரநாயக்கவின் நண்பகல் வெயிலில் ஓர் அணியினரைப் படமெடுக்க முயன்றேன். முகங்கள் யாவும் கருத்தன. நீளம் பாய்வோருக்கெனக் கொணர்ந்த வெள்ளைச் சீலை ஒன்று நிலத்திற் கிடந்தது. அதன் அருகே நின்ற ஒரு மாணவியின் முகம் மட்டும் தெளிவாக இருந்தது. வீட்டுக்கு ஓடிச்சென்று பழைய படத்தை எடுத்து நோக்கினேன். பின்னணியாகக் கட்டிய சீலை தேவையினும் நீளமானது. அதன் எஞ்சிய முனை இடப்பக்கத்திற் கழியிலிருந்து சரிந்து, கடைக்குட்டியின் காலடியில் நிலத்திற் பரந்து கிடக்கின்றது. உச்சியினின்று வந்த வெயில் அத்துணியிற் பட்டுத் தெறித்து, கீழிருந்து அப்பிள்ளையின் முகத்திற் பாய்ந்திருக்கின்றது. படக்காரர் அதனை அறிந்து செய்திருப்பாராயின் எல்லோர் காலடியிலும் ஒரு துணியை விரித்திருப்பார். அது தற்செயலே.

கடந்த தைப்பொங்கலன்று படத்தின் பின்புறத்தில், என் தாயார் சொல்லச் சொல்லப் பெயர்களை எழுதினேன். ஐந்து பெயர்களை அவர் தடையின்றிச் சொன்னார். ஆறாவதை எல்லோரும் "குட்டி" என்றே அழைத்தார்களாம். கடவுச்சீட்டில் வேறு பெயர் எழுதியிருப்பார்கள் என்றார். அது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. "குட்டி" என்றே எழுதி, அதன் அருகே சிறிது இடம் விட்டிருக்கின்றேன்.