பன்னிரண்டு பேரும் பிழைச்சாச்சு!

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுக்கிட்டே இருந்த விஷயம் இது. ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல உட்கார்ந்து, கதவு திறக்கும்போதெல்லாம் பதறி எழுந்து நின்னவங்களுக்கு சட்டுனு புரியும்.

2006 ஜனவரி 2. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் சேகோ நிலக்கரிச் சுரங்கம். புத்தாண்டு விடுமுறை முடிஞ்சு முதல் ஷிப்ட். காலை ஆறரை மணி வாக்கில் உள்ளே வெடிப்பு. 13 பேர் மாட்டிக்கிட்டாங்க. அவங்ககிட்ட இருந்த சுவாசக் கருவி ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குத்தான் தாங்கும். மீட்புக் குழு உள்ளே போகவோ சுமார் 11 மணி நேரம் ஆச்சு. காத்துல கார்பன் மோனாக்சைடு, மறுபடி வெடிக்குமோங்கிற பயம் வேற.

குடும்பங்கள் எல்லாம் பக்கத்துல இருந்த சர்ச்சில் கூடிட்டாங்க. மறுநாள் ராத்திரி ஒருத்தரோட உடல் கிடைச்சது. நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னாடி இன்னொரு செய்தி: மீதி 12 பேரும் உயிரோட இருக்காங்க!

சர்ச் மணி அடிச்சுது. ஒருத்தரை ஒருத்தர் கட்டிப்பிடிச்சு அழுதாங்க, பாடினாங்க. காலைப் பத்திரிகைகள் பலதும் அதையே தலைப்புச் செய்தியா அச்சடிச்சுட்டாங்க.

சுமார் மூணு மணி நேரம் கழிச்சு உண்மை வந்தது. உயிரோட இருந்தது ஒரே ஒருத்தர்.

யாரும் வேணும்னு பொய் சொல்லலீங்க. முகமூடி போட்ட மீட்புக் குழு ரேடியோவில் சொன்ன தகவல், பல கை மாறி மேலே வந்தப்போ உருமாறிப் போச்சு. கட்டுப்பாட்டு அறையில் கேட்டவங்க சந்தோஷத்தில் போனைக் கையில எடுத்துட்டாங்க. தகவல் தப்புன்னு ஒரு மணி நேரத்துக்குள்ளேயே அங்கே தெரிய ஆரம்பிச்சிடுச்சு. ஆனா முழு விவரம் உறுதியாகட்டும்னு காத்திருந்தாங்க. நல்ல சேதி ஓடிப் போச்சு, சந்தேகம் மட்டும் சர்ச் வாசல் வரைக்கும் போய்ச் சேரலை. என்னை உலுக்கின இடம் இதுதான்.

அதே வருஷம் ஜூனில் மைனர் சட்டம் வந்தது. கூடுதல் ஆக்சிஜன், உள்ளே இருக்கிறவங்களோட பேச கம்பியில்லாத் தொடர்புன்னு பல விதிகள். அதோட, பலர் சாகிற சுரங்க விபத்துகளில், குடும்பங்களுக்கும் தொழிலாளர் துறைக்கும் நடுவுல பேசுறதுக்குன்னே ஒரு அதிகாரியை நியமிக்கணும். விபத்து நேரத்தில் குடும்பங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் தகவல் சொல்ற முதல் பொறுப்பு சுரங்கப் பாதுகாப்புத் துறைக்கு. காத்திருக்கிறவங்களுக்குச் சரியான தகவலும் ஒரு நிவாரணம்தான்னு சட்டமே ஒத்துக்கிச்சு.

2010-ல் சிலி நாட்டின் சான் ஹோசே சுரங்கம் ஞாபகம் இருக்கா? ஆகஸ்ட் 5-ல் சரிவு, உள்ளே 33 பேர். குடும்பங்கள் பாலைவனத்திலேயே கூடாரம் போட்டு, அதுக்கு 'நம்பிக்கை முகாம்'னு பேரும் வெச்சாங்க. 17 நாள் கழிச்சு, துளைக் கருவியில் கட்டின காகிதம் மேலே வந்தது: 33 பேரும் நலம். அப்புறம் குழாய் வழியா கடிதங்கள் போய் வந்தன. அக்டோபர் 13-ல் எல்லாரும் வெளியே வந்துட்டாங்க. அங்கே வந்த நல்ல சேதி, உள்ளே இருந்தவங்களே கைப்பட எழுதினது!

"இன்னும் உறுதியாத் தெரியலைம்மா, தெரிஞ்சதும் முதல்ல உங்ககிட்டதான் சொல்வோம்." சேகோவில் அந்த மூணு மணி நேரத்துக்கு இந்த ஒரு வரி போதுமா இருந்திருக்கும்.

நீங்க என்ன நினைக்கிறீங்க? பின்னூட்டத்தில் சொல்லுங்க.