தொட்டிலும் திருக்கோயிலும்: பிரிக்பீல்ட்ஸ் இலங்கைத் தமிழ்க் குடும்பங்களின் தொடக்ககால வாழ்வு

ஆலய வரலாறு எழுதுவோர் நிலம் பெற்ற ஆண்டு, அடிக்கல் நாட்டிய நாள், குடமுழுக்கு நிகழ்ந்த நாள், தலைவர்களின் பெயர் ஆகியவற்றைத் தவறாது குறிப்பர். அந்த ஆலயத்தை வேண்டி நின்ற இல்லங்களில் தாய்மார் தம் குழந்தைகளை எவ்வாறு வளர்த்தனர் என்பதைக் குறிப்பவர் அரியர். நூறாண்டுகளுக்கும் முன்னர்க் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் வந்து தங்கிய யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பங்களின் கதையை அந்த வாயிலின் வழியே நோக்க இக்கட்டுரை முயல்கிறது. சில ஆண்டுகள் உழைத்துப் பொருளீட்டி ஊர் திரும்பும் எண்ணத்தோடு வந்தவர்களை இம்மண்ணில் நிலைக்கச் செய்தவர்கள் அவர்தம் குழந்தைகளே என்பது எம் துணிபு.

மலாய் மாநிலங்களில் ஆங்கிலேயர் ஆட்சி 1874ஆம் ஆண்டில் காலூன்றியது. பேராக்கின் முதல் ரெசிடெண்டாக வந்த ஜே. டபிள்யூ. டபிள்யூ. பர்ச் என்பவர் அதற்கு முன்னர் இலங்கையில் பணியாற்றியவர். ஆங்கிலம் அறிந்த எழுத்தர்களும், நில அளவையாளர்களும், நிலைய அதிபர்களும் வேண்டும் என்ற நிலை எழுந்தபொழுது, இத்தகைய அதிகாரிகளின் நினைவுக்கு வந்த இடம் யாழ்ப்பாணம். 1816ஆம் ஆண்டு முதல் அங்கு இயங்கிய அமெரிக்க மிஷன் பள்ளிகளும், அவற்றுக்கு எதிர்நின்று சைவர் நிறுவிய பள்ளிகளும் ஆங்கிலம் கற்ற இளைஞரை ஆண்டுதோறும் உருவாக்கின. அவர்கள் அனைவருக்கும் தரத்தக்க வேலை அச்சிறு தீபகற்பத்தில் இல்லை. இலங்கைப் பொதுப்பணித் துறையில் இருந்து சிலாங்கூருக்கு வந்த சி. இ. ஸ்பூனர், 1901இல் ஐக்கிய மலாய் மாநிலங்களின் இரயில்வே ஒன்றாக்கப்பட்டபொழுது அதன் பொது மேலாளரானார். அவர் காலத்தில் இரயில் நிலையங்களிலும் அலுவலகங்களிலும் யாழ்ப்பாணத்தார் பெருகினர்.

முதலில் வந்தவர் பெரும்பாலும் மணமாகாத இளைஞர்கள். நால்வர் ஐவர் ஒரு வீட்டில் கூடிச் சமைத்து உண்டு, மாதந்தோறும் ஊருக்கு மணியார்டர் அனுப்பினர். பின்னர் நீண்ட விடுப்பில் ஊர் சென்று மணமுடித்து, கப்பலில் மனைவியை அழைத்து வந்தனர். இந்நாட்டின் இலங்கைத் தமிழ்ச் சமுதாயம் உண்மையில் அந்தப் பெண்கள் கரையிறங்கிய நாளிலேதான் தொடங்கிற்று. பதினேழு, பதினெட்டு அகவைப் பெண். தாயோ மாமியோ அருகில் இல்லை. அண்டை வீட்டார் பேசும் மொழி புரியாது. கணவர் இரவுப் பணிக்குச் சென்றால் விடியும்வரை தனிமை. யாழ்ப்பாணத்தில் ஒரு குழந்தையை வளர்க்கப் பத்துக் கைகள் இருந்தன. இங்கு இரண்டே கைகள்.

பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயர், நகரம் 1881இல் நெருப்பாலும் வெள்ளத்தாலும் அழிந்தபின் செங்கல்லாலும் ஓட்டாலும் மீண்டும் கட்டப்பட்ட காலத்தில், இங்கிருந்த செங்கல் சூளைகளால் வந்தது. பின்னர் அவ்விடம் இரயில்வேயின் பணிமனைகளும், தண்டவாளப் பரப்பும், ஊழியர் குடியிருப்புகளும் நிறைந்த பகுதியாயிற்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த ‘நூறு குவார்ட்டர்ஸ்’ வரிசை வீடுகளை முதியோர் பலர் நினைவில் வைத்திருப்பர். அவை இன்று இல்லை. ஒட்டி ஒட்டி அமைந்த அவ்வீடுகளில் ஒரு வீட்டின் குழந்தை அழுதால் மூன்றாம் வீட்டுக்குக் கேட்கும். அந்த நெருக்கமே தாய்க்குத் துணையாயிற்று எனலாம். ஊரில் மாமியார் செய்திருக்க வேண்டிய பணியை இங்குப் பக்கத்து வீட்டு அக்கா செய்தார்.

தாய்மார் அஞ்சியது காய்ச்சலுக்கு. கிள்ளானிலும், 1901 செப்டம்பரில் திறக்கப்பெற்ற போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் (இன்றைய போர்ட் கிள்ளான்) மலேரியா அத்துணைக் கொடுமையாகப் பரவியதால், புதிய துறைமுகத்தை மூடிவிடலாமா என்று அரசு எண்ண நேர்ந்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் மாவட்ட மருத்துவராகக் கிள்ளானுக்கு வந்த மால்கம் வாட்சன், மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று ரொனால்டு ராஸ் சில ஆண்டுகளுக்கு முன்னரே கண்டறிந்திருந்ததைக் கொண்டு, சதுப்பு நீரை வடியச் செய்தார். காட்டை வெட்டச் செய்தார். அவ்விரு ஊர்களிலும் 1901இல் 368ஆக இருந்த காய்ச்சல் மரணங்கள் மறு ஆண்டு 59ஆகக் குறைந்தன. துறைமுக ஊழியர், இரயில்வே எழுத்தர், சுங்க அலுவலர் ஆகியோர் அங்கே மனைவி மக்களோடு குடியிருக்கத் துணிந்தமைக்கு அவர் வெட்டிய வடிகால்களும் ஒரு காரணமாகும். கொயினாவின் கசப்பைச் சர்க்கரையில் மறைத்துக் குழந்தைக்கு ஊட்டிய காலம் அது.

ஈண்டு ஒன்று கூறாது செல்லுதல் நேர்மையாகாது. அதே கிள்ளான் மாவட்டத்தின் இரப்பர்த் தோட்டங்களில் தமிழகத்திலிருந்து வந்த பாட்டாளித் தாய்மாரும் இருந்தனர். அவர்கள் விடியற்காலையில் பெரட்டுக்குச் செல்லுமுன் குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுச் சென்றனர். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிருவாகம் பள்ளி வைக்க வேண்டும் என்ற சட்டம் 1923இல்தான் வந்தது. குவார்ட்டர்ஸ் பிள்ளையும் தோட்டத்துப் பிள்ளையும் ஒரே மொழியைப் பேசின; ஒரே முருகனை வணங்கின; ஆயினும் பெரும்பாலும் ஒன்றையொன்று காணாமலே வளர்ந்தன. நம் சமுதாய வரலாற்றில் பெருமைக்குரிய பக்கங்களோடு இந்தப் பக்கத்தையும் சேர்த்தே படித்தல் வேண்டும்.

இனிக் கோயிலுக்கு வருவோம். மணமாகாத இளைஞனுக்குக் கோயில் வெள்ளிக்கிழமை வழிபாட்டுக்குரிய இடம். குழந்தை பிறந்த வீட்டுக்கோ அது நாள்தோறும் தேவைப்படும் இடம். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிக்க வேண்டும். சோறு தீத்த வேண்டும். பல் முளைத்தால் பல்லுக்கொழுக்கட்டை அவித்துப் பிள்ளையின் தலையில் சொரிய வேண்டும். காது குத்த வேண்டும். விசயதசமியன்று ஏடு தொடக்க வேண்டும். இவற்றுட் சில வீட்டிலே முடிவன. சிலவற்றுக்குக் குருக்களும் சந்நிதியும் இன்றியமையாதன. கோலாலம்பூரில் 1873 முதல் ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயம் இருந்தது. எனினும் தம் ஊர் முறைப்படி, தம் இல்லத்துக்கு அருகே, நல்லூர்க் கந்தனை நினைவூட்டும் ஒரு சந்நிதி வேண்டும் என இலங்கைச் சைவர் விழைந்தனர். 1902ஆம் ஆண்டில் அடிகோலப்பட்ட பிரிக்பீல்ட்ஸ் ஸ்ரீ கந்தசுவாமி கோயில் அவ்விழைவின் பயன். நல்லூர்க் கோயிலை மாதிரியாகக் கொண்டு அமைந்த அது, இலங்கைச் சைவர் சங்கத்தின் பேணலில் இன்றும் விளங்குகிறது. மாதச் சம்பளம் பெற்ற எழுத்தர்கள் தம் குடும்பச் செலவில் இருந்து எடுத்துக் கொடுத்த வெள்ளிகளால் எழுந்தது என்பதை எண்ணினால் அதன் அருமை விளங்கும்.

கோயிலுக்கு அடுத்த கவலை மொழி. விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் 1893இல் நிறுவப்பட்டது. மெதடிஸ்ட் ஆண்கள் பள்ளியும் பெண்கள் பள்ளியும் அந்நூற்றாண்டு முடிவதற்குள் தோன்றிவிட்டன. ஆங்கிலக் கல்வியே தந்தைக்கு வேலை தந்தது. ஆகவே மகனுக்கும் அதுவே வேண்டும். ஆனால் பள்ளியில் ஆங்கிலமும், பாசாரில் மலாயும், தெருவில் சீனமும் கேட்டு வளர்ந்த பிள்ளை, ஊரில் இருந்து வந்த ஆச்சியின் கடிதத்தைப் படிக்கத் தடுமாறியது. யாழ்ப்பாண இல்லத்தில் ‘கதைத்து’ப் பழகிய குழந்தை வெளியே போனால் மற்றத் தமிழ்ப் பிள்ளைகள் ‘பேசுவதை’க் கேட்டு விழித்தது! 1904இல் பிரிக்பீல்ட்ஸில் நிறுவப்பெற்ற விவேகானந்த ஆசிரமம் இக்குறையை உணர்ந்து கல்விப் பணியில் இறங்கியது. அச்சான்றோர் 1897இல் யாழ்ப்பாணம் வந்து உரையாற்றியதை நேரில் கேட்டவர்கள் அக்காலத்தில் பலர் இருந்தனர். ஆசிரமத்தின் பெயரால் அமைந்த தமிழ்ப் பள்ளியில் தொடக்கக் கல்வி பெற்றவர்களுள் ஒருவர், 1938இல் பிரிக்பீல்ட்ஸில் அரசு எழுத்தர் ஒருவரின் மகனாகப் பிறந்து, பெருந்தொழிலதிபராக உயர்ந்து 2024இல் மறைந்த ஆனந்த கிருஷ்ணன். ஆசிரமக் கட்டடம் 2016இல் தேசிய மரபுடைமையாக அறிவிக்கப்பட்டது.

இவ்வளவு இருந்தும் மனம் ஊரிலேயே இருந்தது. பிள்ளை ஏழெட்டு அகவை எய்தியதும் அவனை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி, பேரனார் வீட்டிலோ பள்ளி விடுதியிலோ தங்கிப் படிக்கச் செய்யும் வழக்கம் பல குடும்பங்களில் இருந்தது. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும், உடுவில் மகளிர் பள்ளியும், 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய மகளிர் கல்லூரியும் அவர்களை ஈர்த்தன. தமிழும் சைவமும் ஒழுக்கமும் அங்கே தாமே அமையும் என்று தந்தையர் கருதினர். தாய்மார் என்ன கருதினர் என்பது எங்கும் எழுதப்படவில்லை. அடுத்த விடுப்பு வரும்வரை, சில வேளை நான்கைந்து ஆண்டுகள், மகனின் முகம் காணாத தாயரின் வாழ்வு குறித்து நம் மலர்கள் இதுகாறும் பேசாதது வியப்பே.

அவ்வழக்கத்தின் கொடுமையைப் போர் வெளிப்படுத்தியது. 1942 சனவரி 11ஆம் நாள் சப்பானியர் கோலாலம்பூரினுட் புகுந்தனர். கப்பல் நின்றது, கடிதம் நின்றது, மணியார்டர் நின்றது. யாழ்ப்பாணத்தில் பிள்ளையும் பிரிக்பீல்ட்ஸில் பெற்றோருமாகப் பிரிந்த குடும்பங்கள், ஒருவர் உயிரோடிருப்பதை மற்றவர் அறியாது 1945 வரை காத்திருந்தன. இரயில்வே ஊழியர் சிலர் சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 1945 மார்ச் 10ஆம் நாள் இரயில் தண்டவாளப் பரப்பைக் குறிவைத்து நேசநாட்டு விமானங்கள் வீசிய குண்டுகளுள் சில, அருகே இருந்த சிலாங்கூர் அரும்பொருளகத்தைத் தகர்த்தன. குவார்ட்டர்ஸ் குழந்தைகள் உறங்கிய இடம் அதற்கு எவ்வளவு அருகில் என்பதைப் பிரிக்பீல்ட்ஸ் அறிந்த அன்பர்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. மரவள்ளிக் கிழங்கே சோறாயிருந்த ஆண்டுகள் அவை.

போர் முடிந்தபின் பிள்ளையைக் கடல் கடந்து அனுப்பும் மனம் பலருக்கு இல்லாது போயிற்று. விரைவிலேயே வேறொரு கேள்வியும் எழுந்தது. 1948இல் இலங்கை தன் குடியுரிமைச் சட்டத்தை இயற்றியது. இங்கோ நாடு விடுதலையை நோக்கி நடந்தது. 1949இல் தொடங்கிய சமூகங்கள் தொடர்புக் குழுவுக்கு இலங்கைச் சமூகத் தலைவரான இ. இ. சி. துரைசிங்கம் தலைமை தாங்கினார். அக்குழுவில் இனங்களின் தலைவர்கள் அமர்ந்து பேசியவற்றுள் குடியுரிமையும் ஒன்று. 1957 ஆகஸ்டு 31ஆம் நாள் முதல் 1962இல் சட்டம் திருத்தப்படும் வரை, இம்மண்ணில் பிறந்த குழந்தை பிறப்பாலேயே குடியுரிமை பெற்றது. ஆதலால் ஒரே வீட்டில் தந்தைக்கு யாழ்ப்பாணப் பிறப்பும் ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பும் கனவும். மூத்த பிள்ளைகளுட் சிலருக்கு விண்ணப்பமும் சான்றிதழும். கடைக்குட்டிக்கு எந்தத் தாளும் எழுதாமலே நாடு! ஓய்வு பெற்ற பலர் மலாயாப் பென்சனோடு யாழ்ப்பாணம் சென்று வீடு கட்டி வாழ்ந்தனர். அவர்களோடு போகாமல் இங்கேயே தங்கிய மக்களும் மருமக்களுமே பின்னாளில் ஆலய உறுப்பினர் பட்டியலை நிரப்பினர்.

பழைய தண்டவாளப் பரப்பின்மீது 2001இல் கே.எல். சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. 1996இல் அரசு அறிவித்த பல்லூடகப் பெருவழித் திட்டத்திற்குப் பின், சென்னையிலிருந்தும் பிற நகரங்களிலிருந்தும் கணினித் துறைப் பணிக்கென இளங்குடும்பங்கள் வரலாயின. அவர்களுட் பலர் பிரிக்பீல்ட்ஸின் அடுக்குமாடி வீடுகளில் இரண்டாண்டு, மூன்றாண்டு அனுமதியோடு வாழ்கின்றனர். அவர்களும் திரும்பிச் செல்லும் எண்ணத்தோடுதான் வந்தவர்கள். பகலில் கணவர் அலுவலகம் சென்றபின், கைக்குழந்தையோடு தனித்திருக்கும் பெண்ணுக்கு இன்று கைப்பேசியில் தாயின் முகம் தெரிகிறது. 1910இல் அது தெரியவில்லை. மற்றபடி வேறுபாடு சிறிதே. விசயதசமி நாளில் குழந்தையை மடியில் இருத்தி அரிசியில் அகரம் எழுதுவிக்க ஆலயத்தில் வரிசையில் நிற்போருள், ஆயுட்கால உறுப்பினரின் கொள்ளுப்பேரனும் இருப்பான். சென்ற மாதம் விமானத்தில் வந்திறங்கிய குடும்பத்தின் மகளும் இருப்பாள். குருக்கள் இருவர் விரலையும் பிடித்தே எழுதுவிக்கிறார்.