பிராங் பெசார்: புத்ராஜெயாவுக்கு முன்னிருந்த தோட்டம்

மலேசியாவின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயா இன்று நிற்கும் நிலம் 1990கள் வரை தோட்டப்புறம். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் வீரர்கள் 1921இல் இங்கே ரப்பர் தோட்டம் ஒன்றைத் தொடங்கி, அந்தப் பெரும்போரின் நினைவாகப் பிராங் பெசார் என்று பெயரிட்டனர். மிகுதியாகப் பால் தரும் மரங்களைத் தேர்ந்து ஒட்டுக்கட்டுவதில் அது முன்னோடித் தோட்டம். அங்கு உருவான பி.பி. 86 ரகம் இலங்கை, கேரளம் வரை பரவியது. விடியற்காலையில் அந்த மரங்களைச் சீவியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.

தோட்டத் தொழிலாளர் குடியிருந்தது லயங்களில். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள், பொதுக் குழாய், பிள்ளைகளுக்கு ஆயாக்கொட்டகை, எல்லோருக்கும் பொதுவாக மாரியம்மன் கோயில். வீட்டுப் பின்புறத்தில் முருங்கையும் கீரையும் வளர்ந்தன. மாடு வளர்த்தவர்களுக்குப் பாலும் எருவும் கிடைத்தன. இதைப் பொற்காலம் என்று சொல்வது உண்மையாகாது: நெரிசலும் நோயும் குறைந்த கூலியும் லயத்தோடு சேர்ந்தவையே. எல்லாவற்றிலும் பெரிய குறை, வீடு வேலையோடு கட்டுண்டிருந்தது. வேலை போனால் வீடும் போயிற்று. 1990இல் வந்த தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம் வீட்டின் தரத்துக்கு அளவு வகுத்ததே தவிர, குடியிருப்பவருக்கு அதை உரிமையாக்கவில்லை. மூன்று தலைமுறை வாழ்ந்த குடும்பத்திடமும் ஒரு பட்டா கிடையாது. பின்னால் நடந்ததற்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது.

கோலாலம்பூரின் நெரிசலைக் குறைக்க 1993இல் அரசு புதிய நிர்வாகத் தலைநகருக்கு இந்தத் தோட்ட நிலத்தைத் தேர்ந்தது. 1995இல் கட்டுமானம் தொடங்கியது. 1999இல் பிரதமர் அலுவலகம் குடிபெயர்ந்தது. 2001இல் புத்ராஜெயா கூட்டரசுப் பிரதேசமானது. ஏறத்தாழ 4,900 ஹெக்டர் பரப்பில் மூன்றிலொரு பங்குக்கு மேல் பசுமை வெளியாக வகுக்கப்பட்டது. ஆற்று நீர் ஏரியில் சேருமுன் அதன் கசடை உறிஞ்ச, நாணலும் கோரையும் நட்ட 24 பாத்திகளோடு சதுப்புநிலம் அமைந்தது. தலைகீழ்ப் பிரமிடு வடிவில் 2010இல் முடிந்த எரிசக்தி ஆணையக் கட்டடம், தன் சரிந்த சுவர்களாலேயே வெயிலைத் தடுத்துக்கொள்கிறது. பசுமைக் கட்டடக்கலையை அறிய வரும் குழுக்கள் பார்க்க வேண்டியவை இவை. பொறியியல் சாதனை என்ற பாராட்டுக்கு முழுத் தகுதி உடையவை.

அதே நிலத்திலிருந்து பிராங் பெசார், கெல்லோவே, மெடிங்லி, செட்ஜ்லி தோட்டங்களின் குடும்பங்கள், சுமார் 400, அகற்றப்பட்டு டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளில் குடியேற்றப்பட்டன. கோலாலம்பூர் வட்டாரத்தின் பங்சாரும் சுபாங் ஜெயாவும்கூட ரப்பர் தோட்டங்களின் மேல் எழுந்தவைதான். ஆனால் இங்கே எழுந்தது பசுமையையே கொள்கையாக அறிவித்த நகரம். அகற்றப்பட்டவர்களின் அடுக்குமாடிகளிலோ முருங்கை நட மண் இல்லை, மாடு கட்ட இடமில்லை. தோட்ட வேலையும் இல்லை. சில ஆண்டுகளில் சுவர்கள் விரிசல் விட்டன. பாதுகாப்பான தரைவீடு வேண்டும் என்ற குடியிருப்பாளர்களின் கோரிக்கை, குடியேற்றத்துக்குப் பிறகு இருபது ஆண்டுகள் கடந்தும் நாளிதழ்களில் இடம்பெற்றுக்கொண்டிருந்தது.