பிழைக்குப் பரிசளித்த நூலாசிரியர்

நம் இல்லங்களில் பேணிக் காக்கப்பெறும் பழைய நூல்களைப் புரட்டுவோர், அவற்றுள் பலவற்றின் இறுதித் தாளில் 'பிழை - திருத்தம்' என்னும் தலைப்பில் ஓர் அட்டவணை அச்சிடப்பட்டிருக்கக் காண்பர். பக்கம், வரி, பிழை, திருத்தம் என நான்கு பத்திகள். அதனைப் பார்த்து எழுதுகோல் எடுத்து நூலைத் திருத்திக் கொண்டவர் எத்துணைப் பேர் என்பதை நாம் அறியோம். ஆயினும், தன் குறையைத் தானே எடுத்துரைக்கும் அத்தாளில் ஒரு நேர்மை உண்டு. அந்நேர்மையையே தம் வாழ்நாள் நெறியாகக் கொண்டு, பிழை சுட்டியவர்க்குப் பரிசும் தந்த ஒரு பேராசிரியரின் வரலாறு இது. அவர் வெளியிட்டது நூல் மட்டுமன்று. நூலை அச்சுக் கோக்கும் கணிப்பொறி நிரலும் ஆகும்.

டொனால்டு குனூத் 1938இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரிற் பிறந்தவர்; ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தவர். கணிப்பொறி நிரலாக்கக் கலையைப் பற்றி அவர் எழுதத் தொடங்கிய பெருநூலின் முதல் தொகுதி 1968இல் வெளிவந்தது. அக்காலத்தில் ஈய எழுத்துகளைக் கோத்தே அதனை அச்சிட்டனர். பக்கங்கள் அழகாகவே அமைந்தன. 1977ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இரண்டாம் தொகுதியின் மறுபதிப்புக்குரிய மெய்ப்புத் தாள்கள் அவர் கைக்கு வந்தன. ஈயம் போய் ஒளியச்சுக் கோப்பு வந்திருந்தது. எழுத்துகளின் வடிவும் இடைவெளியும் அவர் மனத்தை வருத்தின. வேறொருவராயின் பதிப்பகத்தாருக்குக் கடுமையாக ஒரு கடிதம் எழுதி அமைந்திருப்பார். இவரோ, அச்சுக் கோக்கும் நிரலைத் தாமே ஆக்குவதென்று துணிந்து, அவ்வாண்டு மே மாதத்திலேயே அதன் வரைவை எழுதிவிட்டார். ஓராண்டில் முடியும் என்று எண்ணிய பணி ஏறத்தாழப் பத்தாண்டுகளை விழுங்கியது.

அந்நிரலுக்கு அவர் இட்ட பெயர் 'டெக்' என்பது. கலை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வேரிலிருந்து எடுத்தது. அதன் இறுதி ஒலி நம் ககரம் அன்று. கலீஃபா, கதீஜா என்னும் பெயர்களின் முதலெழுத்தை அரபியில் ஒலிப்போமே, அவ்வொலி. ஆங்கிலேயர் நாவுக்கு அரிதாகிய இது, ஓதிப் பழகிய நம் வீட்டுச் சிறுவர்க்கு எளிது!

1978இல் இந்நிரலை முதன்முதலாக இயக்கிச் சோதித்த நாள் தொட்டு, கண்ட பிழை ஒவ்வொன்றையும் அவர் குறித்து வைத்தார். 1989இல் அக்குறிப்புகளை 'டெக்கின் பிழைகள்' என்னும் கட்டுரையோடு உலகறிய வெளியிட்டார். எண்ணூற்றுக்கும் மேற்பட்ட பதிவுகள் அவை. தம் தவறுகளை மறைப்பாரை நாம் கண்டதுண்டு. வரிசை எண்ணிட்டு வெளியிட்டாரை எங்கே கண்டோம்? பதிவுகளை அவர் பதினைந்து இனங்களாக வகுத்தார். மறதியால் நேர்ந்தது, கைத்தவறு, வழிமுறையே தவறியது, எதிர்பாராத சூழலிற் சறுக்கியது என்றாற்போல ஒன்பது இனங்கள் பிழைகள். எஞ்சிய ஆறும் பிழைகள் அல்ல. வேகம் கூட்டியது, தரம் உயர்த்தியது, பயன்பாட்டை விரித்தது முதலான மேம்பாடுகள். பயன்படுத்துவோர் எழுதும் முறையீடுகளுள், 'இது தவறு' என்பதும் 'இது இன்னும் நன்றாக இருக்கலாமே' என்பதும் எப்போதும் பின்னிக் கிடக்கும். ஒரே ஏட்டில் இரண்டுக்கும் இடமளித்தும் அவற்றைக் கலக்கவிடாது பிரித்தாரே, அதுவே இவரது தனிச்சிறப்பென்பது நம் கருத்து.

பரிசின் கதை சுவையானது. நூலில் பிழை காட்டியவர்க்கு 2 டாலர் 56 சென்டு காசோலை. அஃதென்ன கணக்கு? பதினாறை அடியாகக் கொண்ட கணிப்பொறி எண்முறையில் 256 என்பது நூறு என எழுதப்படும். ஆகவே அது அம்முறையில் ஒரு முழு டாலர்! டெக் நிரலிற் பிழை கண்டவர்க்கோ இத்தொகை ஆண்டுதோறும் இரட்டித்து 327 டாலர் 68 சென்டில் வந்து நின்றது. பெற்றவருள் பலர் காசோலையை வங்கியிற் செலுத்தாது கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டிக்கொண்டனர். 2008இல் காசோலை மோசடிகளின் காரணமாக மெய்யான காசோலையை நிறுத்தி, இல்லாத ஒரு தீவின் இல்லாத ஒரு வங்கியின் பெயரால் சான்றிதழ் வழங்கலானார். நம் நாட்டுக் கதையில் பாட்டிற் குற்றங் கண்ட நக்கீரர் பொற்றாமரைக் குளத்தில் வீழ்ந்தார். இங்கே குற்றங் கண்டவர்க்கே பொற்கிழி.

பிழைக்கு இவ்வளவு அகலமாகக் கதவு திறந்தவர், விருப்பங்களுக்கு அதனை அடைத்தார். 1986இல் நிரல் முழுவதையும் நூலாகவே அச்சிட்டு வெளியிட்டபின், பணி முடிந்ததாகவே கருதினார். ஆனால் 1989இல் ஸ்டான்போர்டில் பயனாளர் கூடியபோது, ஐரோப்பிய நாடுகளிலிருந்து வந்தோர் ஒரு முறையீட்டை முன்வைத்தனர். டெக் ஏற்றுக்கொண்ட எழுத்துக் குறிகள் 128 மட்டுமே. ஆங்கிலத்துக்கு அது போதும். மேற்குறியிட்ட எழுத்துகளையுடைய மொழிகளுக்கோ, குறியைத் தனியே ஏற்றிய சொற்களை வரியிறுதியிற் பிரிக்கவும் இயலாது போயிற்று. குனூத் இணங்கினார். குறிகள் 256 ஆயின. ஒரே நூலிற் பல மொழிகளின் சொற்பிரிப்பு விதிகளைக் கையாளவும் வழி பிறந்தது. இது மேம்பாடா, பிழைதிருத்தமா? ஆங்கிலம் எழுதுவோன் மேம்பாடு என்பான். தன் தாய்மொழியின் எழுத்தே இடம்பெறாத ஒருவனுக்கு அது பிழையே அன்றி வேறென்ன?

அத்தோடு தாழிட்டார். 1990இல் அவர் அறிவித்தது இது: இனி மாற்றமில்லை, கொடிய பிழைகள் மட்டுமே களையப்படும், பதிப்பெண் 3.1, 3.14, 3.141 என நீண்டு, வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதமாகிய 'பை' என்னும் முடிவிலா எண்ணை நோக்கி நெருங்கிச் செல்லும். இன்று அச்சுக் கோத்த பக்கம், பல்லாண்டு கழித்தும் வரி பிசகாமல் அவ்வாறே அமைய வேண்டும் என்பது அவர் நோக்கம். அரங்கேற்றத்தில் புலவர் தடை எழுப்புவர். ஆசிரியர் விடை கூறுவர். அதன்பின் நூல் நூலாகவே நிலைக்கும். அதுபோன்றதே இதுவும். எனினும், புதிய தேவைகளைக் கொண்டு வருவோர் எங்கே போவது? நிரலை எவரும் எடுத்து மாற்றலாம். ஆனால் டெக் என்னும் பெயரை மட்டும் அதற்கு இடலாகாது என்பதே அவர் விதித்த முறை.

அவ்விதிக்குத் தாமே முன்னரே கட்டுப்பட்டதும் உண்டு. அது நம்மவர்க்கு நெருக்கமான செய்தி. 1987இல் அவரும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துப் பியர் மக்கேயும் சேர்ந்து, வலமிருந்து இடம் செல்லும் அரபி முதலிய எழுத்துகளை இடமிருந்து வலம் செல்லும் எழுத்துகளோடு ஒரே வரியில் கோப்பது எப்படி என ஆராய்ந்து எழுதினர். தமிழ்ப் பக்கத்தினிடையே ஓர் அரபிச் சொற்றொடரைச் சேர்க்க நம் அச்சகத்தார் பட்ட பாட்டை அறிந்தவர், இச்சிக்கலை உடனே உணர்வர். அரபி வரியினுள்ளும் எண்கள் இடமிருந்தே எழுதப்படும். வரி மடங்குமிடத்தில் எது முன், எது பின் என்பதே குழப்பம். அதற்கு வழி கண்டும், குனூத் அவ்வசதியைத் தம் நிரலிற் புகுத்தவில்லை. 'டெக்' என்னும் பெயரோடு அதனையே கண்ணாடியிற் கண்டாற்போலத் திருப்பி எழுதி இணைத்து, வேறு பெயரில் வேறு நிரலாக விட்டார். அதே பல்கலைக்கழகத்தில் டெக்குக்குரிய தமிழ் எழுத்துருவும் பின்னர் உருவாயிற்று. 2004இல் ஜோனதன் கியூ வெளியிட்ட 'ஸீடெக்', உலக எழுத்துகள் அனைத்தையும் நேரே ஏற்கும் வழித்தோன்றலாக வந்து, தமிழையும் அரபியையும் ஒரே பக்கத்தில் இயல்பாகக் கோக்க இடந்தந்தது. அதுவும் வேறு பெயரிலேயே.

1990ஆம் ஆண்டின் முதல் நாளோடு மின்னஞ்சலைக் குனூத் துறந்துவிட்டார். ஆகவே டெக்கைப் பற்றிய முறையீடுகளைத் தொண்டர்கள் திரட்டி, மெய்யான பிழையெனத் தோன்றுவனவற்றை மட்டும் பிரித்து வைப்பர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை குனூத் அவற்றை எடுத்துப் பார்ப்பார். அந்த இடைவெளியும் ஒவ்வொரு முறையும் ஓராண்டு நீள்வதே வழக்கம். 2014இல் பார்த்தார், 2021இல் பார்த்து, பதிப்பெண்ணை 3.141592653 ஆக்கினார், அடுத்த முறை 2029 என்றும் குறித்தார். தம் மறைவுக்குப் பின் பதிப்பெண் 'பை' என்றே நிலைபெற வேண்டும். அப்போது எஞ்சியிருக்கும் பிழை எதுவாயினும் அதனை நிரலின் இயல்பாகவே கொள்ள வேண்டும். எவரும் கைவைக்கலாகாது என்பதும் அவர் எழுதி வைத்துள்ள விருப்பமாகும்.