பகல்ல பெயின்டிங், பிழைப்புக்கு பாத்திக்: ஈஞ்சம்பாக்கத்து மணல்ல ஒரு கணக்கு

ஈ.சி.ஆர்ல எத்தனை தடவை போயிருப்பீங்க? பர்த்டேக்கு, ஆபீஸ் அவுட்டிங்குக்கு, மனசு சரியில்லன்னு ராத்திரி பதினொரு மணிக்கு பைக் எடுத்துக்கிட்டு. திருவான்மியூர் தாண்டி ஈஞ்சம்பாக்கம் வந்தா, கடல் பக்கமா ஒரு போர்டு வரும். சோழமண்டலம் ஓவியர் கிராமம். நான் பல வருஷமா அதை ஏதோ ரிசார்ட்டுன்னு நெனச்சுக்கிட்டு தாண்டிப் போயிருக்கேன். சொல்ல வெட்கமாத்தான் இருக்கு.

என்னை உள்ளே கூட்டிட்டுப் போனது என் கூட காலேஜ்ல படிச்ச ஒரு ஃப்ரெண்ட். பகல்ல ஒரு கம்பெனிக்கு ஆப் டிசைன் பண்றா, ராத்திரி படம் வரையறா. "வேலையை விட்டுடட்டுமா?"ன்னு ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டே இருக்கா. ரெண்டு வருஷமா நானும் மழுப்பிக்கிட்டே இருக்கேன். அவ கேக்கற கேள்வியை 60 வருஷத்துக்கு முன்னாடி இதே ஊர்ல ஒரு முப்பது நாற்பது பேர் சேர்ந்து கேட்டாங்க, அதுக்கு ஒரு பதிலையும் கட்டிப் பார்த்தாங்க. இந்த எபிசோட் அந்தப் பதிலைப் பத்தி. முக்கியமா அதுக்குப் பின்னாடி இருந்த ஒரு மனுஷரைப் பத்தி: கே.சி.எஸ். பணிக்கர்.

பணிக்கர் 1911-ல் கோயம்புத்தூரில் பிறந்தவர். குடும்பம் பொன்னானி பக்கத்துல வெளியங்கோடு. கால்வாய், தென்னை, தண்ணி மேல விழற வெளிச்சம்னு கண்ணுல பட்டதை எல்லாம் சின்ன வயசுலயே வாட்டர் கலர்ல போட ஆரம்பிச்சுட்டார். ஆனா நேரா ஆர்ட் ஸ்கூலுக்குப் போகல. முதல்ல தந்தி இலாகாவில் வேலை, அப்புறம் இன்சூரன்ஸ். 25 வயசு வாக்கில், 1936-ல், அதையெல்லாம் விட்டுட்டு மெட்ராஸ் ஓவியப் பள்ளியில் மாணவரா சேர்ந்தார். அதனால என் ஃப்ரெண்டு கேக்கற கேள்வி அவருக்குப் புத்தகத்துல படிச்ச கேள்வி இல்ல. பின்னாடி தன் மாணவர்களோட சாப்பாட்டைப் பத்தி அவர் அவ்வளவு யோசிச்சதுக்கு இது ஒரு காரணம்னு நான் நம்பறேன்.

எழும்பூர் பக்கம் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கிற அந்தப் பள்ளியை 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர்னு ஒரு டாக்டர் ஆரம்பிச்சார். பணிக்கர் சேர்ந்தப்போ அங்கே தலைமை தேவி பிரசாத் ராய் சௌத்ரி. பேர் பரிச்சயமில்லையா? மெரினாவில் உழைப்பாளர் சிலை முன்னாடி செல்ஃபி எடுத்திருப்பீங்க இல்ல? பாறையை நெம்புகோல் போட்டுத் தள்ளுற நாலு பேர். அதைச் செஞ்சவர் அவர்தான். அந்த குருகிட்ட படிச்சு முடிச்சு, 1941-ல் அதே பள்ளியில் ஆசிரியர் ஆனார் பணிக்கர். 1957-ல் ராய் சௌத்ரிக்கு அப்புறம் அந்த நாற்காலியும் அவருக்கு வந்தது.

நடுவுல, 1944-ல், முற்போக்கு ஓவியர் சங்கம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. அப்போ மெட்ராஸ்ல நவீன ஓவியத்தைப் பார்க்கவே ஆள் கம்மி, வாங்கறது அடுத்த பேச்சு. வரையறவங்க ஒருத்தர் படத்தை இன்னொருத்தர் பார்க்கணும், சேர்ந்து காட்சி வைக்கணும், சண்டை போடணும். அதுக்குத்தான் சங்கம். 1961-ல் அதே கூட்டத்துல இருந்து 'ஆர்ட்ரெண்ட்ஸ்'னு ஒரு சின்ன இங்கிலீஷ் பத்திரிகையும் வந்தது. இன்ஸ்டாகிராம் இல்லாத காலத்துல ஒருத்தர் என்ன வரையறார்னு இன்னொருத்தருக்குத் தெரியறதே பெரிய விஷயம்.

சரி, பணிக்கரோட சொந்தப் படங்களுக்கு வருவோம். ஏன்னா அவரை எல்லாரும் நல்ல வாத்தியார், நல்ல அமைப்பாளர்னு சொல்லிட்டு விட்டுடறாங்க. படத்தைப் பத்திப் பேச மறந்துடறாங்க.

50-களின் ஆரம்பத்துல அவர் படங்கள்ல வான்கோவோட சாயல் நல்லாவே தெரியும். தடிமனான தூரிகை வீச்சு, துடிக்கிற கலர். 1954-ல் லண்டனுக்கும் பாரிசுக்கும் போய் காட்சி வெச்சார். அங்கே போய்ப் பார்த்தா ஒரு சங்கடம். ஐரோப்பியக்காரன் மாதிரி நல்லா வரையற இந்தியன்னு பேர் வாங்கறதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்? இது என் வார்த்தை, அவர் வார்த்தை இல்ல. ஆனா திரும்பி வந்த அப்புறம் அவர் படங்கள் நகர்ற திசையைப் பார்த்தா அந்தச் சங்கடம் தெரியுது. ஆழம் காட்டற உத்தி குறையுது, உருவங்கள் தட்டையாகுது, கோடு முன்னாடி வருது. 'தோட்டம்'னு ஒரு வரிசை. அப்புறம் 1963-ல் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை.

அப்போ அவருக்கு 52 வயசு. பிரின்சிபல். பேர் இருக்கு, மரியாதை இருக்கு. அந்த வயசுல கையில் இருக்கிற ஸ்டைலை வெச்சு ஓட்டிடலாம். அவர் என்ன பண்ணார்னா, படம் முழுக்க எழுத்தா நிரப்பினார். மலையாள எழுத்து மாதிரி இருக்கும். நடுவுல ஜாதகக் கட்டம் மாதிரி கட்டம், கணக்குப் பாடத்துல வர்ற மாதிரி குறிகள், ஒரு மீன், ஒரு பறவை. தூரத்துல இருந்து பார்த்தா தாத்தா வீட்டுப் பழைய பெட்டியில் கிடைச்ச ஓலை மாதிரி, ஏதோ பெரிய ரகசியம் எழுதியிருக்கிற மாதிரி இருக்கும்.

நாங்க போன அன்னைக்கு என் ஃப்ரெண்ட் அந்த மாதிரி ஒரு படத்துக்கு முன்னாடி ரொம்ப நேரம் நின்னா. அவ பாட்டி பாலக்காடு, மலையாளம் எழுத்துக்கூட்டிப் படிப்பா. வாய் அசையுது, படிக்கப் பார்க்கறா, முடியல. "என்னடா எழுதியிருக்கு இதுல?"ன்னா. "ஒண்ணும் எழுதல"ன்னேன். கோவமா பார்த்தா. அப்புறம் மறுபடியும் படிக்க ஆரம்பிச்சுட்டா. படத்தோட வேலையே அதுதான்னு எனக்குத் தோணுது. படிக்க வர்றவங்களைப் படிக்க விடாம, பார்க்க வைக்குது.

இந்தப் புது வேலை தனியா ரூம்ல உக்காந்து யோசிச்சு வந்ததா? நான் அப்படி நினைக்கல. அந்தக் காலத்துல அதே காம்பவுண்டுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு பாருங்க. பி.வி. ஜானகிராம் உலோகத் தகட்டைத் தட்டி, முன்பக்கம் மட்டும் பார்க்கிற மாதிரி சிற்பம் செய்யறார். நம்ம கோயில்ல சாமிக்கு சாத்துற கவசத்தை நினைச்சுக்கோங்க, அந்த மாதிரி. கே.வி. ஹரிதாசன் தாந்திரிக வடிவங்கள் பக்கம் போறார். ராமானுஜம்னு ஒரு பையன் பேனா மையில் கனவு அரண்மனைகளை வரையறான். எல்லாரும் ஏதோ ஒரு விதத்துல கோட்டைப் பிடிச்சுக்கிட்டு, நம்ம ஊர்ப் பொருள்கள்ல இருந்து எதையோ எடுக்கறாங்க. பெரும்பாலும் பணிக்கர்கிட்ட படிச்சவங்க. ஆனா யார் யாருக்குக் கத்துக்கொடுத்தாங்கன்னு பிரிச்சு எழுதறது கஷ்டம். அந்த வாத்தியார் ஒரு கையால கத்துக்கொடுத்துக்கிட்டு, இன்னொரு கையால கத்துக்கிட்டிருந்தார்.

இனி காசு விஷயம். எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடிச்ச இடம் இது.

60-கள்ல அந்தக் காலேஜ்ல படிச்சு வெளியே வர்ற பையன் என்ன பண்ணுவான்? ஏதாவது ஸ்கூல்ல டிராயிங் மாஸ்டர் ஆகலாம். விளம்பரக் கம்பெனிக்குப் போகலாம். நெசவாளர் சேவை மையத்துல புடவைக்கு டிசைன் போடலாம். ஆதிமூலம் அங்கேதான் வேலை பார்த்தார், உங்க வீட்டுல இருக்கிற தமிழ்ப் புத்தகங்கள்ல அவர் கோடு எங்கேயாவது இருக்கும். இதெல்லாம் நல்ல வேலைதான். ஆனா பகல் போயிடும். பகல் போன அப்புறம் மிஞ்சற ஆள்கிட்ட படம் வரைய எவ்வளவு தெம்பு இருக்கும்னு என் ஃப்ரெண்டைக் கேளுங்க.

பணிக்கரும் மாணவர்களும் வேற ஒரு கணக்குப் போட்டாங்க. கைவினைப் பொருள் செஞ்சு விப்போம், அதுவும் கூட்டா. ஓவியர்களோட கைவினைச் சங்கம்னு ஒண்ணு பதிவு பண்ணாங்க. பாத்திக் துணி, உலோக வேலை, மண்பாண்டம், தோல் மேல சித்திரம். வித்த காசுல ஒரு பங்கு பொதுவுக்கு.

பாத்திக் எப்படின்னு தெரியுமா? உருக்கின மெழுகைத் துணி மேல தூரிகையால வரையணும். அப்புறம் சாயத்துல முக்கணும். மெழுகு இருக்கிற இடத்துல சாயம் ஏறாது. காய வெச்சு, மறுபடி மெழுகு, மறுபடி அடுத்த சாயம். வெளிர் கலர்ல ஆரம்பிச்சு அடர் கலருக்குப் போகணும், திரும்பி வர முடியாது. கடைசியில் கொதிக்கிற தண்ணியில் மெழுகை எடுத்தா, மெழுகு வெடிச்ச இடத்துல எல்லாம் சாயம் புகுந்து நரம்பு மாதிரி கோடு ஓடியிருக்கும். சூடு ஆறறதுக்குள்ள வரைஞ்சாகணும், தப்பா போட்டா அழிக்க முடியாது. கோட்டை நம்பி வாழற ஓவியர் கூட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான கூலி வேலை கிடைக்குமா என்ன? கைவினை செஞ்சா கலை கெட்டுப்போகும்னு சொன்னவங்க அப்பவும் இருந்தாங்க, இப்பவும் இருக்காங்க. எனக்கு அந்தக் கட்சி பிடிக்கல. நம்ம ஊர்ல சிலை வடிச்சவரும் விளக்கு வார்த்தவரும் ஒரே பட்டறைதானே?

பாத்திக் வித்துச்சு. அந்தக் காசுல, 1966-ல், ஈஞ்சம்பாக்கத்துல கடலோரமா சுமார் பத்து ஏக்கர் வாங்கினாங்க. இன்னைக்கு ஈ.சி.ஆர் ரேட்டை நினைச்சுப் பெருமூச்சு விடாதீங்க. அப்போ அது வெறும் மணல், ஊருக்கு வெளியே. குடிசை போட்டுத்தான் ஆரம்பிச்சாங்க. அரசாங்கம் கொடுத்த நிலம் இல்ல, பணக்காரர் யாரும் தானம் பண்ணலை. துணியில் மெழுகு தடவிச் சம்பாதிச்சது. கோரமண்டல் கரைன்னு வெள்ளைக்காரன் வாயில் திரிஞ்ச பேரைத் திருப்பி எடுத்து சோழமண்டலம்னு வெச்சாங்க.

யார் யாரெல்லாம் வந்தாங்க! ஜயபால பணிக்கர், பி.எஸ். நந்தன், எஸ்.ஜி. வாசுதேவ், அர்னவாஸ், சேனாதிபதி, பணிக்கரோட மகன் நந்தகோபால். பணிக்கரைவிட ஒன்பது வயசு மட்டும் சின்னவரான ஜே. சுல்தான் அலியும் வந்து சேர்ந்தார். அவரும் ராய் சௌத்ரிகிட்ட படிச்சவர், அவரும் படத்துக்குள்ள எழுத்து மாதிரி குறிகளை நிரப்பினவர். ரெண்டு சீனியர்கள் ஒரே தெருவுல, ரெண்டு பேரும் எழுத்தை வெச்சே வரையறாங்க, ஆனா ஒருத்தர் படத்தை இன்னொருத்தர் படம்னு நீங்க தப்பா நினைக்கவே மாட்டீங்க. சுல்தான் அலி படத்துல பழங்குடிக் கதைகள்ல இருந்து எழுந்து வந்த மிருகம் உங்களை நேரா முறைக்கும். பணிக்கர் படத்துல யாரும் உங்களைப் பார்க்க மாட்டாங்க.

1967-ல் காலேஜ்ல இருந்து ஓய்வு. அதுக்கப்புறம் பணிக்கருக்கும் அந்த மணல்தான். 'சொற்களும் குறியீடுகளும்' கடைசி வரைக்கும் தொடர்ந்தது.

எல்லாம் சுபம்னு முடிக்க முடியாது. சிலருக்கு அந்தக் கிராமம் போதல. விஸ்வநாதன் 1968-ல் பாரிஸ் போனவர், அங்கேயே ஓவியரா நிலைச்சுட்டார். அது அவர் தேர்வு. ஆனா ராமானுஜம்? பேச்சு திக்கும், மனசுக்குள்ள பெரிய போராட்டம், தொப்பி போட்டுக்கிட்டு தன்னையே படத்துக்குள்ள வரைஞ்சு வெச்சுக்கிட்ட ஆள். பணிக்கர் அவரைக் காலேஜ்லயும் பார்த்துக்கிட்டார், கிராமத்துலயும் இடம் கொடுத்தார். 1973-ல், முப்பது வயசைத் தாண்டி கொஞ்ச நாள்லயே, ராமானுஜம் அங்கேயே தன் உயிரை முடிச்சுக்கிட்டார். சுத்தி முழுக்க கலைஞர்கள், சாப்பாட்டுக்கு வழி, மேல ஒரு குரு. அப்படியும். இந்தக் கிராமத்தைப் பத்திப் பேசும்போது இந்த ஒரு விஷயத்தை அடிக்குறிப்பா போட்டுட்டுப் போறவங்க மேல எனக்கு வருத்தம் உண்டு.

பணிக்கர் 1977 ஜனவரியில் இறந்தார். திருவனந்தபுரம் மியூசியம் வளாகத்துல அவர் பேர்ல ஒரு கேலரி இருக்கு, ஜூ பார்க்கப் போறவங்க அதைத் தாண்டித்தான் போவாங்க, உள்ளே போயிட்டு வாங்க. ஈஞ்சம்பாக்கத்துல மெட்ராஸ் கலை இயக்கத்துக்கான மியூசியத்தை 2009-ல் திறந்தாங்க. ஆரம்பத்துல வந்தவங்கள்ல பலர் இப்போ இல்ல, நந்தகோபாலும் 2017-ல் போயிட்டார். வீடுகள் இருக்கு, மரங்கள் இருக்கு, கடல் சத்தம் இருக்கு.

என் ஃப்ரெண்ட் வேலையை விடல. ஆனா திரும்பி வர்ற வழியில் கார்ல ஒரு கேள்வி கேட்டா: "அவங்க முப்பது பேர் இருந்தாங்கல்ல? நமக்கு எத்தனை பேரைத் தெரியும்?" நீலாங்கரை சிக்னல்ல நின்னுக்கிட்டு எண்ணினோம். படம் வரையறவங்க நாலு, செராமிக் ஒருத்தர், பிளாக் பிரின்ட் பண்ற அக்கா ஒருத்தங்க. ஆறு. சிக்னல் விழுந்துடுச்சு, பின்னாடி ஹாரன் அடிக்கறாங்க, அவ இன்னும் விரலை மடக்கிக்கிட்டே இருக்கா.

ராமானுஜத்துக்கு இன்னைக்கு நான் கொடுத்த நேரம் போதாது. அடுத்த எபிசோட் முழுக்க அவரோட அந்த அரண்மனைகள்தான்.